பெடலைச் சொருக இடமில்லை

2008 ஜூன் 11, புதன்

காலையிலிருந்து கரண்ட் போகவில்லை. அதிசயம். பின்தெருப் பட்டறையில் கல்லறுக்கும் மிஷின் ஓயவே இல்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டுதான் பெரியவரைக் கேட்க வேண்டியிருந்தது.

டாக்டர் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்பது கம்பெனி விதி. இந்த டைரியிலும் பெரியவர் என்றே இருக்கட்டும். ஓஹையோவில் இதய டாக்டர். குரலை வைத்துப் பார்த்தால் எழுபதுக்கு மேல் இருக்கும். நோயாளியைப் பார்த்துவிட்டு அவர் அங்கே பேசிப் பதிவுசெய்கிறார், நான் மாமல்லபுரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டு அடித்து அனுப்புகிறேன். ஐந்து வருஷமாக இதுதான் என் உத்தியோகம். மன்னி மானசா இன்னமும் ஊரில் எல்லோரிடமும் நான் கால் சென்டரில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பெரியவர் வார்த்தைகளை மென்று விழுங்குவார். அவர் ஃபைலை யாரும் எடுக்கமாட்டார்கள். எனக்குப் பழகிவிட்டது. பேச்சின் நடுவே காபி உறிஞ்சுவார், நாற்காலி கிறீச்சிடும். இன்று ஜலதோஷம். மூன்றாவது ஃபைலில் தும்மிவிட்டு "எக்ஸ்க்யூஸ் மி" என்றார். யாரிடம் கேட்கிறார், பக்கத்தில் யாருமில்லையே? எனக்காகத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

மற்றபடி இன்று என்னிடம் பேசியவர்கள்: பால்காரர், ஒருமுறை.

ஆபீசிலிருந்து மெயில். எல்லோருக்கும் புது லேப்டாப் வருகிறதாம்.


ஜூன் 18, புதன்

வந்துவிட்டது. கூரியர்காரர் புதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிக்கொண்டு போனார். ஒருநாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எக்ஸ்சேஞ்ச் மேடம், விட்டுட்டுப் போகக்கூடாது என்றார்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளி நிறம், அப்பளம் மாதிரி மெலிசு. திறந்து கையை வைத்தேன் — இது யாருக்காகச் செய்தது? கண்ட்ரோல் பொத்தான் எப்போதும் இடது கோடியில் இருக்கும், சுண்டுவிரல் தானாகப் போய் உட்காரும். அங்கே இப்போது எஃப்என் என்று ஒன்று. ஹோம், எண்ட் இரண்டையும் காணோம். எஃப்என்னை அமுக்கிக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் வருமாம். டெலீட் இருந்த இடத்தில் இன்ஸர்ட். டெலீட் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கி மேல் மூலையில், மிஷினை அணைக்கிற பொத்தானை ஒட்டினாற்போல்.

டெலீட் என்று நினைத்து இரண்டுமுறை மிஷினையே அணைத்துவிட்டேன்.

கால் பெடலைச் சொருகலாம் என்று பார்த்தால் ஓட்டை இல்லை.


ஜூன் 19, வியாழன்

இல்லைதான். இன்னொருமுறை நான்கு பக்கமும் தடவிப் பார்த்தாயிற்று.


ஜூன் 24, செவ்வாய்

பெடல் இல்லாமல் வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தசாரதிக்கு எப்படிப் புரியவைப்பது? அவர் கோடம்பாக்கம் ஆபீசில் எங்கள் டீம் லீடர். ரிப்போர்ட்டுகளைச் சரிபார்ப்பார், தானே அடிப்பதில்லை.

தையல் மிஷினுக்குக் கால் எப்படியோ அப்படித்தான் எங்களுக்கும். காலால் அமுக்கினால் டாக்டர் பேசுவார், எடுத்தால் நிறுத்துவார், குதிகாலால் தட்டினால் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி சொல்வார். கை எழுத்தை விட்டு நகரவே வேண்டாம். இப்போது நிறுத்த ஒரு பொத்தான், பின்னால் போக இன்னொன்று, இரண்டுக்கும் எஃப்என் வேறு. பெரியவர் ஒரு வரி சொல்வதற்குள் நான் நாலு தடவை கையை எடுக்கிறேன்.

போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், பாவம்.

"எல்லாரும் பழகிட்டாங்க மேடம். ஒரு வாரத்துல கை தானா வந்துடும்."

எல்லாரும் என்றால் யார்? எனக்கு ஒருவரையும் தெரியாது. ஐந்து வருஷத்தில் கூட வேலை செய்கிறவர் முகம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அவர்கள் பழகிவிட்டார்களா, என்னைப்போல் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கிறார்களா?


ஜூலை 3, வியாழன்

கிச்சா அண்ணா ஆபீஸ் வேலையாக மவுண்ட் ரோடு போனவன் ரிச்சி தெருவில் இரண்டு சாமான் வாங்கி அனுப்பியிருந்தான். ஒன்று, பழைய பெடலைப் புது மாதிரி ஓட்டையில் சொருகுவதற்கு ஒரு மாற்றி. இன்னொன்று, ஒரு ஓட்டையை நாலாகப் பிரிக்கும் பெட்டி.

இந்த மிஷினில் இருப்பதே இரண்டு ஓட்டை. இன்டர்நெட் கேபிளுக்குத் தனி வழி கிடையாது, அதற்கு ஒன்று போய்விடும். மற்றதில் கம்பெனி கொடுத்த டாங்கிள் — விரல் நீளச் சாவி, அதைச் சொருகினால்தான் ஃபைல் திறக்கும். பழைய மிஷினில் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் இருந்தது. அப்போது ஓட்டைகளை எண்ணிப் பார்க்கக்கூடத் தோன்றியதில்லை.

பிரிக்கும் பெட்டிக்கே ஒரு ஓட்டை வேண்டும் என்பதால் அதில் டாங்கிளைச் சொருகினேன். "அனுமதி இல்லை" என்று சிவப்பில் வந்தது. கேபிளைச் சொருகினால் இன்டர்நெட் பத்து நிமிஷம் வந்து அறுந்துபோகிறது. வெளி கீபோர்டு வாங்கிப் போடலாம் என்றால் அதற்கும் இதே கதைதான்.

இரண்டையும் டிராயரில் போட்டுவிட்டேன். அண்ணா போனில் கேட்டபோது வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டேன். ஆசையாக வாங்கி அனுப்பியிருக்கிறான்.


ஜூலை 15, செவ்வாய்

ஒரே ரிப்போர்ட்டை நாலு தடவை திறந்து பார்த்துவிட்டேன்.

நேற்று அனுப்பிய ரிப்போர்ட்டில் ஒரு "நோ" இல்லை. நோயாளிக்கு நெஞ்சு வலி இல்லை என்றார் பெரியவர். நான் அனுப்பியதில் நெஞ்சு வலி இருக்கிறது. பார்த்தசாரதி பிடித்துத் திருத்திவிட்டார், நல்லவேளை.

எப்படி நடந்தது என்று தெரியும். அந்த இன்ஸர்ட். டெலீட் என்று விரல் அங்கேதான் போகிறது. அது பட்டுவிட்டால் அப்புறம் புதிதாக அடிப்பதெல்லாம் முன்னால் இருப்பதைத் தின்றுகொண்டே போகும். எழுத்தைப் பார்க்காமல் காதை மட்டும் வைத்து அடிக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

டைப்ரைட்டிங் ஹையரில் டிஸ்டிங்ஷன் வாங்கிய கை இது. பன்னிரண்டு வருஷம் செங்கல்பட்டு வக்கீல் ஆபீசில் ஒரு தப்பு சொல்ல விட்டதில்லை. இப்போது ஒரு மனுஷனுக்கு இல்லாத நெஞ்சு வலியை உண்டாக்கி அனுப்புகிறேன்.

மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. கடற்கரைப் பக்கம் போனேன். வெயில். டூரிஸ்ட்டுகள்கூட இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.


ஜூலை 28, திங்கள்

பெரியவரை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

பார்த்தசாரதி வருத்தமாகத்தான் சொன்னார். வேகம் பாதியாகிவிட்டது, தப்பும் கூடிவிட்டது, இதய டாக்டர் ஃபைல் என்பதால் ரிஸ்க் எடுக்க முடியாது என்றார். எனக்கு எலும்பு டாக்டர்கள் சிலரைக் கொடுப்பார்களாம். சின்னச் சின்ன ஃபைல். தினம் வேறு வேறு ஆள்.

நான் சரி சார் என்றேன். வேறென்ன சொல்ல? அவர் குரலைக் கேட்காமல் இருக்க முடியாது என்றா? நாற்பத்து மூன்று வயதில் இதைச் சொன்னால் என்ன நினைப்பார்கள்?

நான் நினைப்பதும் அதுவல்ல. எப்படி எழுதுவது — அம்மா போனபிறகு இந்த வீட்டில் தினம் கேட்கிற ஒரே குரல் அது. சளி பிடித்தால் எனக்குத் தெரியும். பேரனோடு மீன் பிடிக்கப் போவதைப் பதிவின் நடுவே ஒருமுறை யாரிடமோ சொன்னார்; அதன்பின் சனி ஞாயிறு போனால், திங்கள்கிழமை சொல்லாமலே குரலில் தெரியும். என்னைத் தெரியாது அவருக்கு. அதனால் என்ன?


ஆகஸ்ட் 2, சனி

முழங்கால். தோள்பட்டை. முழங்கால்.


ஆகஸ்ட் 9, சனி

அண்ணாவும் மன்னியும் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்தார்கள். பெருமாள் சேவித்துவிட்டு வந்து சாப்பிட்டார்கள். மன்னி பேச்சை ஆரம்பித்தாள், அண்ணா முடித்தான். வேலை போனாலும் போகட்டும், வீட்டைப் பூட்டிவிட்டு அவர்களோடு வந்து இருக்கச் சொல்கிறான். மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம். மன்னி ஆபீஸ் போகும்போது வீட்டில் ஒரு மனுஷி இருந்த மாதிரியும் இருக்கும் என்றான்.

நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே போனால் காலையில் எழுந்து யார் யார் வீட்டில் இருப்பார்கள், என்ன சமையல் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே எனக்கென்று ஒரு மேசை இருக்கிறது.

யோசிச்சுச் சொல்றேன் என்றேன். இத்தனை நாள் வேலை இருக்கே என்று சொல்லித் தப்பித்தேன். அது இப்போது சொல்ல வரவில்லை.


ஆகஸ்ட் 20, புதன்

மத்தியானம் போன். புது நம்பர். கம்பெனி ஆள்தான், ரேணுகா என்று பெயர், கூடுவாஞ்சேரி. பார்த்தசாரதி நம்பர் கொடுத்தாராம். பெரியவர் ஃபைல் இப்போது அவளிடம். அவள் சொந்தமாக மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள், பெடல் அதில் பொருந்துகிறது. அதனால்தான் அவளுக்குப் போயிற்று.

"மேடம், அந்தத் தாத்தா இன்னாமோ 'வாம்ப்ளூ'ங்கறாரு. நானும் அரை மணியா ஓட்டி ஓட்டிக் கேக்கறேன். டிக்சனரில அப்டி ஒண்ணும் இல்ல. இன்னா மேடம் அது?"

பெரியவர் மாதிரியே சொன்னாள். மூக்கால், கடைசியில் விழுங்கி. எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் என் சிரிப்பைக் கேட்டு எனக்கே திடுக்கென்றது.

"வார்ம் அண்ட் வெல் பெர்ஃப்யூஸ்டு. கை கால் வெதுவெதுன்னு இருக்கு, ரத்தம் நன்னா ஓடறதுன்னு அர்த்தம்."

"அய்ய. இதையா இப்டி முழுங்கறாரு?"

வைத்துவிட்டாள். அப்புறம் வெகுநேரம் அழுதேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. என் ஆளை இன்னொருத்தி கேட்கிறாள், அதுவா? இல்லை, அவரைப் பற்றிப் பேச ஒருத்தர் கிடைத்ததா?


ஆகஸ்ட் 22, வெள்ளி

மறுபடி போன். இன்று மூன்று வார்த்தை. மூன்றையும் நடித்துக் காட்டினாள். பின்னால் டிவி சத்தம் காதைக் கிழிக்கிறது. அவள் அப்பா தனகோடி மறைமலைநகர்க் கம்பெனி பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், காது மந்தம். அந்தச் சத்தத்தில்தான் இவள் வேலை செய்கிறாள். புருஷன் விட்டுப் போய் ஆறு வருஷமாம். கேட்காமலே சொன்னாள், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி.

பெரியவருக்கு இருமல் அதிகமாகியிருக்கிறதாம்.


செப்டம்பர் 5, வெள்ளி

கோடம்பாக்கம் போய்விட்டு வந்தேன். ஐந்து வருஷத்தில் முதல்முறை ஆபீசுக்கு.

லேப்டாப்பையும் பெடலையும் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். ரேணுகா கிண்டியில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருந்தாள். எப்படி அடையாளம் தெரியும் என்று கேட்டதற்கு, துணிப்பையோட முழிச்சிக்கினு நிப்பீங்க, நானே வந்துருவேன் என்றாள். அப்படியே வந்தாள். குட்டையாக, வேகமாக நடக்கிறவள். பார்த்த உடனே அக்கா என்றாள்.

பார்த்தசாரதி நல்ல மனிதர், என்னைவிடச் சின்னவர். பேசவேண்டியதையெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் செய்திருந்தேன், அவர் முன்னால் உட்கார்ந்ததும் ஒன்றும் வரவில்லை. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து டாங்கிளையும் கேபிளையும் சொருகினேன். பெடலை அவர் மேசைமேல் வைத்தேன்.

"இதை எங்க சொருகணும்னு நீங்களே காட்டுங்கோ சார்."

அவர் சிரித்துக்கொண்டே பெடலை எடுத்தார். லேப்டாப்பைத் திருப்பினார். தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். அந்தச் சிரிப்பு மெல்லப் போயிற்று. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து வந்து நின்றார்கள். எங்களுக்கும் இதேதான் சார் என்றாள் ஒருத்தி. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பழகிவிட்டதாக அவர் சொன்ன எல்லோரில் இவர்களும் உண்டு.

சிஸ்டம் பார்க்கிற கார்த்தியைக் கூப்பிட்டார். டாங்கிள் இல்லாமல் பாஸ்வேர்டு வைத்து ஃபைல் திறக்கிற மாதிரி செய்தால் ஒரு ஓட்டை மிச்சமாகும், ஆனால் மேலே கேட்க வேண்டும் என்றான் அவன். பொத்தான்களை ஒன்றும் செய்ய முடியாதாம், செய்தவன் அப்படிச் செய்துவிட்டான்.

பெரியவரைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. ரேணுகா பக்கத்தில் இருந்தாள்.


செப்டம்பர் 26, வெள்ளி

ரேணுகா போன் செய்தாள். குரலிலேயே ஏதோ என்று தெரிந்தது. பெரியவர் ரிட்டயர் ஆகிறார். இன்று வந்த எல்லா ஃபைலிலும், அடுத்தமுறை நோயாளியை வேறு டாக்டர் பார்ப்பார் என்று முடித்திருக்கிறாராம். கடைசி ஃபைலைச் சற்றுமுன்தான் அடித்து அனுப்பினாளாம்.

கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"ஒண்ணும் சொல்லலக்கா. இருமினாரு. 'எண்ட் ஆஃப் டிக்டேஷன்'னாரு. அவ்ளோதான்."

அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இங்கே யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு என்ன தெரியும்? எல்லாம் புத்திக்குத் தெரிகிறது.

"அளுவுறீங்களா?" என்றாள்.

இல்லை என்றேன். அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் டிவியில் யாரோ நகைக்கடைக்கு விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்து நாடகம் ஆரம்பித்தது.


அக்டோபர் 14, செவ்வாய்

டாங்கிள் போயிற்று. பாஸ்வேர்டு வந்துவிட்டது. டிராயரில் கிடந்த மாற்றியை எடுத்துப் பெடலை இணைத்தேன். அமுக்கினேன். பேசியது. எடுத்தேன். நிறுத்தியது.

முழங்கால் டாக்டர் ஒருவர். இளவயது, மணிமணியாகப் பேசுகிறார். ஒரு வார்த்தைக்காகவும் பின்னால் போக வேண்டியிருக்கவில்லை.

மூன்று மாதம் முன்னால் இதைச் செய்திருந்தால்.

கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். ஊக்கு முனையைக் கொடுத்து நெம்பி இன்ஸர்ட் பொத்தானைப் பிடுங்கிவிட்டேன். கம்பெனி சொத்து. பொக்கைப் பல் மாதிரி இளிக்கிறது. இருக்கட்டும்.


அக்டோபர் 30, வியாழன்

ரேணுகாவுக்கும் வெள்ளி லேப்டாப் வந்துவிட்டது. இனிமேல் சொந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்யக்கூடாதாம். போன் செய்து ஒரு பாட்டம் திட்டினாள். நான் திட்டிய அதே பொத்தான்கள், அதே வரிசையில். நான் திட்டாத வார்த்தைகளில்.

அந்த டிவி சத்தத்தில் அவளால் இதைப் பழக முடியாது. ஒருநாள் இங்கே எடுத்துக்கொண்டு வாயேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது. இந்த வீட்டுக்குள் சொந்தக்காரர்கள் தவிர யார் வந்து எத்தனை நாளாயிற்று?


நவம்பர் 5, புதன்

வந்தாள். செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக. வந்ததும் முதல் வேலையாக என் லேப்டாப்பின் பொக்கையைப் பார்த்தாள். தன்னுடையதை என் முன்னால் நகர்த்தி, புடுங்குங்கக்கா என்றாள்.

மத்தியானம் ரசமும் கத்தரிக்காயும். உங்க வூட்டு சாப்பாட்டுல காரம்னு ஒண்ணு கீதா என்று கேட்டாள். ஊறுகாயை எடுத்து வைத்தேன். பிறகு மேசையின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள். இரண்டு பெடல். கரண்ட் போனால் பேட்டரி தீரும்வரை அடிப்பது, தீர்ந்தபின் பேசுவது.

போகும்போது நாளைக்கும் வரேன் என்றாள்.


நவம்பர் 27, வியாழன்

மழை விடவில்லை. பஸ் ஓடவில்லை, ரேணுகா வரவில்லை. கூடுவாஞ்சேரியில் அவள் தெருவில் முழங்கால் தண்ணீர். அப்பாவைக் கட்டில்மேல் உட்கார்த்தி வைத்திருக்கிறாளாம். அண்ணாவுக்குப் போன் செய்து, அவன் தெரு மேடுதானே, ஒரு எட்டு போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். யார் அவா என்றான். என்னோட வேலை பண்றவ என்று ஆரம்பித்து, சிநேகிதி என்றேன். அந்த வார்த்தையை நான் கடைசியாகச் சொன்னது காலேஜில் இருக்கும்.

சாயந்திரம் அவனே கூப்பிட்டான். பிளாஸ்க்கில் காபியும் இட்லியும் கொண்டுபோய்க் கொடுத்தானாம். அவள் அப்பாவுக்குக் காதே கேட்கவில்லை, கத்திக் கத்தித் தொண்டை போச்சு என்றான். மாடி அறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாளாக வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது.


2009 ஜனவரி 20, செவ்வாய்

புது டைரிக்கு மாறி மூன்று வாரம் ஆகிவிட்டது. இந்த வருஷத்தில் இதுதான் முதல் பக்கம். நடுவில் ஒன்றும் நடக்காமல் இல்லை. பார்த்தசாரதி ஒரு புது இதய டாக்டரை எங்கள் இருவருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தார். பொங்கலுக்குத் தனகோடி அய்யாவும் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். மன்னியோடு ஒரு சின்னச் சண்டை, சரியாகிவிட்டது. வாரத்தில் நாலு நாள் ரேணுகா இங்கேயே தங்கிவிடுகிறாள்.

எழுதலாம் என்று தினமும் சாயந்திரம் பேனாவை எடுக்கிறேன். எல்லாவற்றையும் மத்தியானமே அவளிடம் சொல்லி முடித்திருக்கிறேன். மறுபடி என்ன எழுதுவது?

வாசலில் காய்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள். முருங்கைக்காய் வாங்கட்டுமா என்று கேட்கிறாள். போகிறேன்.